வால்வு மேலே நிற்கும் சக்கரம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பத்து மணிக்குக் காசிமாயன் முதலாளி மினி லாரியில் வந்து நாலு சக்கரங்களைக் கடை வாசலில் உருட்டிவிட்டார். முப்பத்தைந்து இஞ்ச் டயர்கள், மலை ஜீப்புக்கானவை. ஆடி மாதம் மலை ரோட்டின் பதினோராம் வளைவில் உருண்ட அவருடைய ஜீப்பில் இருந்தவை. பிடித்து வைத்திருந்த வண்டியைப் போலீசார் விட்டுவிட்டார்களாம். உடம்பு காயலான் கடைக்குப் போயிற்று, சக்கரம் மட்டும் தப்பித்தது.

"நாலும் தேயவே இல்ல பவுனு. தொறந்து உள்ள பாத்துட்டு, ஆட்டம் இருக்கான்னு பாத்து, இன்னொரு ஜீப்புல மாட்டிரு. சாமிமாருக வர ஆரம்பிக்கிறதுக்குள்ள வண்டி ஓடணும்" என்றார்.

சரி என்றேன். இந்த ஊரில் பெரிய டயர் என்றால் பவுன்ராஜ்தான், வேறு யாரிடம் போவார்?

அந்த ஜீப்பை ஓட்டியவன் ஒச்சப்பன். ஆனைப்பாறை எஸ்டேட்டிலிருந்து விடிகாலையில் இறங்கினான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி அன்னக்கொடி. வளைவில் வண்டி தடுப்புக்கல்லை இடித்துக்கொண்டு போய்விட்டது. இவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவள் வண்டிக்கு அடியில் செத்துக் கிடந்தாள். ஸ்டேரிங் கையைப் பிடுங்கியது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னான். பிரேக் சரி, ஸ்டேரிங் சரி, டயர் வெடிக்கவில்லை என்று வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் தூங்கிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. இப்போது அவனே அப்படித்தான் சொல்கிறான். இருபதாம் தேதி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். உள்ளே தள்ளிவிடுவார்கள்.

மூன்று சக்கரங்களைக் கழுவினேன். முன் இடது சக்கரத்தை மட்டும் சுவரோரம் தனியே சாய்த்து வைத்தேன். காரணம் ஒன்றுமில்லை. இடம் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இவ்வளவு பெரிய டயர் எந்த பேலன்சிங் மிஷினிலும் ஏறாது. அதற்காக நானே ஒன்று செய்து வைத்திருக்கிறேன். பழைய ஜீப்பில் சக்கரம் மாட்டும் முன் ஹப் ஒன்றை இரும்புக் கம்பத்தில் வெல்டிங் வைத்துக் கடைக்குள் நட்டிருக்கிறேன். சக்கரத்தை அதில் மாட்டி விரலால் தட்டினால் வெகுநேரம் சுற்றும். கனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் ஈயத்தை ஒட்டினால் வேலை முடிந்தது.

முதலாளியின் மகன் இந்த டயர்களைக் கோயம்புத்தூரில் ஒரு கடையில் மாட்டி வாங்கி வந்தவன். அங்கே ஈயம் ஒட்டுவதில்லை. ரவை போன்ற கண்ணாடி மணிகளை டயருக்குள் போட்டு அனுப்புகிறார்கள். வண்டி ஓடும்போது மணிகள் தாமாக ஓடித் தேவையான இடத்தில் பரவிக்கொள்ளும். நான் நம்பவில்லை. ஆனால் இன்று மூன்று சக்கரங்களையும் கம்பத்தில் மாட்டிச் சுற்றினேன். மணல் வழிகிற சத்தம் நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றையும் முதலாளியின் இன்னொரு ஜீப்பில் மாட்டிவிட்டேன்.

நாலாவதை நாளை பார்க்கலாம்.

நவம்பர் 5, புதன்

நாலாவதைக் கம்பத்தில் மாட்டினேன். தட்டினேன். சுற்றியது. காற்றடிக்கும் வால்வு மேலே வர, நின்றது. சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மறுபடி தட்டினேன். வால்வு மேலே. எட்டுத் தடவை தட்டினேன், எட்டுத் தடவையும் வால்வு மேலே.

சத்தம் இல்லை. காதை ஒட்டி வைத்துக்கூடக் கேட்டேன். மற்ற மூன்றில் வழிந்த மணல் இதில் வழியவில்லை. ஒரு டயர் இவ்வளவு அமைதியாகச் சுற்றி நான் பார்த்ததில்லை.

நவம்பர் 6, வியாழன்

டயருக்குள் கனம் ஏற்றுவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக டிராக்டர் டயர்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிறேன். முக்கால் டயர் தண்ணீர் இருந்தால்தான் சேற்றுழவில் சக்கரம் வழுக்காது. பஞ்சர் ஆகாமல் இருக்கப் பச்சை மருந்து ஊற்றுகிறேன். அந்த மருந்தே உள்ளே ஓடி ஆட்டத்தையும் குறைக்கும், ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வார்கள். மணி வேறு சங்கதி. மணி போட்ட டயரில் ஈரம் படக் கூடாது. அவ்வளவுதான், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நாலாவது டயரைத் திறக்க இன்று நேரமில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இன்றும் நேரமில்லை. வந்தது இரண்டு பஞ்சர்.

நவம்பர் 8, சனி

எதிர் டீக்கடை பீர்முகமது ராவுத்தர் கிளாஸ் எடுக்க வந்தவர், கம்பத்தில் இருந்த சக்கரத்தைச் சும்மா தட்டினார். வால்வு மேலே வந்து நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி அதே இடம். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன பவுனு, உள்ள யாரோ ஒக்காந்து இழுக்குற மாதிரியில இருக்கு. இது எந்த வண்டிது?"

சொன்னேன். அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றியிருக்கலாம். "அன்னக்கொடி ஏறி ஒக்காந்திருக்கா போல பாய்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் ஜீப் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆறேழு பேர் வந்து வரிசையாகத் தட்டிப் பார்த்தார்கள். யாரும் இரண்டாம் தடவை தட்டவில்லை.

நவம்பர் 10, திங்கள்

எஸ்டேட் பெண்கள் இரண்டு பேர் வந்து சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி ஒரு முழம் பூவை வால்வில் சுற்றினாள். பூவோடு அது இன்னும் மோசமாக இருக்கிறது.

முதலாளி போனில் பேசினார். "அந்தச் சக்கரம் எனக்கு வேணாம் பவுனு. நான் வேற வாங்கிக்கிறேன். நீ தொறக்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம். கண் காணாத எடத்துல போட்டுரு."

திறக்க வேண்டாம் என்று அவராகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் இன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரி அய்யம்மாள் கேட்டாள். "ஏங்க, ஆடியில ஒச்சப்பன் வண்டிய விட்டுட்டுப் போனப்ப நீங்க ஏதோ ஊத்திக்கிட்டு இருந்தீங்களே, பச்சையா. அது இந்தச் சக்கரம் தானே?"

சாம்பாரில் உப்பு அதிகம். அவளிடம் அதைச் சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. வேலை இல்லை. கண் காணாத இடத்தில் போட்டுவிடச் சொன்னார் அல்லவா, அதற்காகச் சக்கரத்தை இறக்கப் போனேன். நட்டு கழற்றக் கை வரவில்லை. அதன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் தரை அதிர, சக்கரம் கொஞ்சம் இடமும் வலமும் ஆடிப் பழைய இடத்துக்கு வந்தது. இல்லை இல்லை என்று தலையாட்டுவது போல. எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன்.

நவம்பர் 13, வியாழன்

ஒச்சப்பன் வந்தான்.

ஆடிக்குப் பிறகு இன்றுதான் அவனை நேரில் பார்க்கிறேன். ஆள் பாதியாகிவிட்டான். ஒரு தோள் இறங்கியிருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். டயர் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

"இதாண்ணே?"

"ம்."

நல்ல கையால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றினான். அவ்வளவு வேகத்தில் நான் அதைச் சுழற்றியதே இல்லை. கம்பம் உதறத் தொடங்கியது. மேலே பலகையில் இருந்த போல்ட்டு டப்பா கலகலவென்றது. அவன் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"இதே ஆட்டம்ணே" என்றான். "இதேதான். இப்படித்தான் கையப் புடுங்குச்சு. அப்ப நான் தூங்கலண்ணே."

"ம்" என்றேன்.

"நான் தூங்கலன்னு சொல்றதுக்குத்தான் வந்திருக்காண்ணே அவ."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட. என்னை உள்ளே தள்ளுவார்கள், கடையை மூட வேண்டியிருக்கும், ஊர் காறித் துப்பும், எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு வந்தது. எனக்குப் பயம். எழுதுவதில் என்ன வெட்கம், பயம்தான்.

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு பேசினான். மகள் அரைப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றான். முற்றத்துக் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது என்றான். நான் மூன்றடி தள்ளி ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்காதது போல இருந்தேன்.

நவம்பர் 15, சனி

இன்று அவன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். கோயிலில் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்பார்கள் அல்லவா, அதேபோல. கேள்வி கேட்டுவிட்டுச் சக்கரத்தைத் தட்டுகிறான். வால்வு மேலே நின்றால் ஆமாம். கீழே நின்றால் இல்லை.

"நான் தூங்கலல்ல?"

சுற்றி, மெதுவாகி, ஆடி, நின்றது. ஆமாம்.

"எம்மேல கோவமா?"

ஆமாம்.

அவன் சிரித்தான். அன்று காலை வண்டி எடுக்கும்போது அவளை ஏதோ திட்டினானாம். கோபம் இருக்கத்தானே செய்யும் என்றான். பிறகு கேட்டான்.

"ரொம்ப வலிச்சுச்சா புள்ள?"

நான் எழுந்து கம்ப்ரசரைப் போட்டுவிட்டேன். காற்றுப் பிடிக்க எந்த வண்டியும் இல்லை. அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் அது ஒன்றைத்தான் சொல்லும். அவனுக்கு மட்டும் தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

கடை லீவு. அவன் வந்து ஷட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்ததாக ராவுத்தர் சொன்னார்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. மாலை போட்ட சாமிமார்கள் வண்டி வண்டியாகப் போகிறார்கள். பதினொரு பஞ்சர். கைக்கு ஓய்வில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஒச்சப்பன் மூலையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு சாமி "இவருக்கு என்ன?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். வேலைக்கு நடுவில் ஒரு கேள்வி மட்டும் காதில் விழுந்தது.

"நான் அங்கயே வந்துரட்டுமா?"

திரும்பிப் பார்த்தேன். வால்வு மேலே. அவன் தலையை ஆட்டிக்கொண்டான், கடையில் சாமான் பட்டியல் சொல்லும்போது ஆட்டுவது போல.

நவம்பர் 18, செவ்வாய்

போகும்போது என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணே, மச்சான் ஜீப்ப நாளைக்கு ஒரு நாளைக்குக் கேட்டிருக்கேன். பத்து மணிக்குக் கொண்டாரேன். இந்தச் சக்கரத்த முன் எடது பக்கம் மாட்டிக் குடுங்க."

"எதுக்கு ஒச்சு?"

"பதினோராம் வளைவு வரைக்கும் ஒரு தடவ போகணும்ணே. அவளக் கூட்டிக்கிட்டு."

"நாளான்னைக்குக் கோர்ட்டு இருக்குல்ல?"

"அதுக்கு அவசியம் இருக்காதுண்ணே."

இவ்வளவு அமைதியாக அவன் பேசி நான் கேட்டதில்லை. மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டானாம். அவள் பள்ளிக்கூடப் பையிலேயே நகையையும் ரேஷன் கார்டையும் வைத்து அனுப்பிவிட்டானாம். ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து அய்யம்மாளிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"பேய்ன்னு கெளப்பிவிட்டது நீங்கதானே. நீங்களே எறக்குங்க" என்றாள்.

போலீசில் சொல்லலாமா, அவன் மச்சானுக்குப் போன் செய்து வண்டியைக் கொடுக்காதே என்று சொல்லலாமா, சக்கரத்தைக் கொண்டுபோய்க் கொட்டக்குடி ஆற்றில் தள்ளிவிடலாமா என்று எல்லாவற்றையும் யோசித்தாயிற்று. எல்லாமே ஒரு வாரம் தாங்கும். அப்புறம் அவன் வேறு ஒன்றைத் தேடிக்கொள்வான்.

நவம்பர் 19, புதன்

காலையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாராவது படித்தால் நம்ப வேண்டும் என்றில்லை.

ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். வால்வு கீழே இருந்தது.

கனமான பக்கம் மேலே. சக்கரம் அசையாமல் நின்றது. சாக்பீஸ் கோடு தலைகீழாக, வாடிய பூ தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டு. அந்த ஹப்பில் எண்ணெய் போட்டவன் நான். ஒரு ஈ உட்கார்ந்தால் திரும்பிவிடும். பின்னாலிருந்து வந்த அய்யம்மாளைப் பார்த்தேன். நான் தொடவில்லை என்று தலையை ஆட்டினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

இரண்டடி பின்வாங்கினேன். அதே நேரத்தில் என் கெட்ட புத்தி இன்னொரு கணக்கும் போட்டது. இப்படியே இருக்கட்டும். அவன் வந்து பார்க்கட்டும். அவள் வராதே என்று சொல்லிவிட்டாள் என்று அவனே வீட்டுக்குப் போய்விடுவான். அவன் பிழைப்பான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியே விட்டிருந்தால் விட்டிருக்கலாம். ஆனால் நான் மெக்கானிக். எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, பேரிங் இறுகிவிட்டதா, ஆப்பு ஏதும் செருகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு விரலை வைத்தேன். எதிலும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. விரல் பட்டதும் பெருமூச்சு விடுவது போல மெதுவாக இறங்கி, அரை வட்டம் வந்து, ஆடி, வால்வு மேலே வர நின்றுவிட்டது. மறுபடி அதைத் தலைகீழாக நிறுத்த முயன்றேன். அரை மணி நேரம் முயன்றேன். ஒரு நொடி நிற்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஜீப் வந்தது. ஒச்சப்பன் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனே ஜாக்கியை எடுத்து வைத்து முன் இடது சக்கரத்தைக் கழற்றினான். நான் கம்பத்திலிருந்து இந்தச் சக்கரத்தை இறக்கினேன். வண்டிக்கு உருட்டிப் போகாமல் தரையில் படுக்கப் போட்டு வால்வு ஊசியைப் பிடுங்கினேன்.

"என்னண்ணே பண்றீங்க?"

காற்று நின்று நிதானமாகப் போயிற்று. கூடவே அந்த மருந்தின் தித்திப்பு வாடை வந்தது. ஆடி மாதம் என் கையில் இரண்டு நாள் போகாமல் இருந்த அதே வாடை. கடப்பாரையால் டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரித்துக் கையை உள்ளே விட்டேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. வால்வுக்கு நேர் எதிரே ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பி எடுத்தேன். வெல்லக்கட்டி போலப் பச்சையாக ஒரு கட்டி, இரண்டு கை நிறைய. உடைந்த இடத்தில் கண்ணாடி மணிகள் மினுங்கின. அவன் கையில் வைத்தேன்.

"ஆடியில நீ வந்து, கல்லு ரோடு, வீட்டுக்காரி கூட வர்றா, பஞ்சர் ஆகாம மருந்து ஊத்துங்கண்ணேன்னு சொன்ன. உள்ள மணி கெடக்குன்னு எனக்குத் தெரியும் ஒச்சு. ஈரம் ஆகாதுன்னு கோயம்புத்தூர்க்காரன் ரிம்முல ஸ்டிக்கரே ஒட்டியிருந்தான். அவன் என்ன எனக்குச் சொல்றதுன்னு அதச் சொரண்டிப் போட்டுட்டு ஊத்துனேன். மத்த மூணுக்கும் மருந்து பத்தல, இந்த ஒண்ணுக்கு மட்டும் ஊத்துனேன். மணியும் மருந்தும் சேந்து கட்டியாயி ஒரு பக்கமாப் பிடிச்சுக்கிச்சு. எறக்கத்துல வேகம் எடுத்ததும் அதான் ஒன் கையப் புடுங்கியிருக்கு. நீ தூங்கல. அவளும் ஒண்ணும் செய்யல. நான் செஞ்சது."

கடப்பாரை அவன் காலடியில் கிடந்தது. நான் அதைத் தள்ளி வைக்கவில்லை. அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

அவன் கட்டியைக் கையில் வைத்து எடை பார்ப்பது போல ஏற்றி இறக்கினான். வாசலில் வைத்தான். பிறகு குப்புறப் படுத்து, அந்த முறிந்த தோள் வரைக்கும் கையை டயருக்குள் விட்டு, ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்த்தான். நிதானமாக, ஓர் இடம் விடாமல்.

"அப்ப அவ இதுக்குள்ள இல்லையாண்ணே?"

"இல்ல ஒச்சு."

"எதையுமே அவ சொல்லலையா?"

"ஒரு பக்கம் கனம். எதக் கேட்டாலும் அது அப்படித்தான் நிக்கும்."

காலையில் பார்த்ததை நான் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்து அழுதான். ஆடியிலிருந்து அவன் அழுது யாரும் பார்த்ததில்லை என்பார்கள். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை போல அழுதான். ராவுத்தர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அய்யம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

நாளை அவனுக்கு முன்னால் நான் கோர்ட்டில் நிற்பேன் என்றேன். கட்டியையும் கொண்டுவருவேன் என்றேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. வெறும் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமே இல்லாமல் கேட்டான்.

"அப்ப இத்தன நாளா நான் யாருகிட்டண்ணே பேசிக்கிட்டிருந்தேன்?"

"எங்கிட்ட" என்றேன்.